தனித் தாளவாத்தியமும் லைவ் எலக்ட்ரானிக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஒரு அடி விடாமல் கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களிடம் இந்த இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மேடைகளில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த வகை இசையோடு கொஞ்சம் பழகியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன இசை?

மேடையில் ஒரே ஒருவர். அவரைச் சுற்றி டிரம், மணி, பெரிய வெண்கலத் தட்டு, மரக்கட்டை, கல் என்று தட்டினால் ஒலிக்கிற எதுவும் இருக்கலாம். பக்கத்தில் மைக்குகள். மைக் பிடிக்கிற ஒலி ஒரு கம்ப்யூட்டருக்கோ வேறு கருவிக்கோ போய், அங்கே நீட்டப்பட்டு, வடிகட்டப்பட்டு, சுருதி மாற்றப்பட்டு, ஸ்பீக்கர்கள் வழியாக உடனே அரங்குக்குத் திரும்புகிறது. வாசிப்பவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் அடுத்த அடியை வைக்கிறார். மேற்கத்தியச் செவ்வியல் மரபில் வந்த இசையமைப்பாளர்கள் எழுதுவது என்பதால், பெரும்பாலும் எழுதப்பட்ட இசைக்குறிப்பு இருக்கும்.

நம்மிடம் கார்வை என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நாதம் நின்று ஒலிக்கிற அந்த இடம். தாளவாத்தியத்தில் கார்வை நம் கையில் முழுசாக இல்லை; தோல் எவ்வளவு நேரம் அதிர்கிறதோ அவ்வளவுதான். இந்த இசையில் அந்தக் கார்வைக்குள்ளேயே கையை விட்டு வேலை செய்கிறார்கள். அடித்த பிறகு ஒலிக்கு என்ன ஆகிறது என்பதைக் கேட்பதுதான் இங்கே முக்கியமான வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் பாதித் தடை விலகிவிடும்.

மைக் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதுதானே? இதில் என்ன புதுசு?

இங்கே மைக்கும் வாசிக்கப்படுகிற ஒரு வாத்தியம். இதை நன்றாகப் புரிந்துகொள்ள 1964ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன், வேறொரு படைப்புக்காகப் பெரிய தாம்தாம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். (டிரம் செட்டில் இருக்கிற டாம்டாம் வேறு. இது தொங்கவிட்டு அடிக்கிற பெரிய உலோகத் தட்டு. நம் கோயில் சேகண்டியின் ராட்சத உருவம் என்று நினைத்துக்கொள்ளலாம்.) அதை வீட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்டு, வீட்டில் கையில் அகப்பட்ட கண்ணாடி, அட்டை, மரம், ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களை எடுத்துவந்து தட்டினார், தேய்த்தார், சுரண்டினார். ஒரு கையில் மைக். அதை உலோகத்துக்கு மிக அருகே கொண்டுபோவதும் விலக்குவதுமாக இருந்தார். மைக்கின் ஒயர் வீட்டுக்குள் போனது. அங்கே அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் யாப் ஸ்பெக், வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்காமல், ஃபில்டரையும் (ஒலியில் சில அதிர்வுகளை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டுகிற கருவி) வால்யூமையும் தன் போக்கில் திருகிக்கொண்டிருந்தார். எல்லாம் பதிவானது. போட்டுக் கேட்டால், தாம்தாமிலிருந்து இப்படியெல்லாம் வருமா என்று நம்ப முடியாத ஒலிகள். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து உடம்புக்குள் கேட்பதுபோல மைக்கைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது.

அதிலிருந்து பிறந்ததுதான் 'மைக்ரோஃபோனி 1'. 1964 டிசம்பர் 9 அன்று பிரஸ்ஸல்ஸில் முதல்முறை வாசிக்கப்பட்டது. 155 செ.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு தாம்தாம், அதாவது ஐந்தடிக்கும் சற்று அதிகம். அதை ஆறு பேர் வாசிக்கிறார்கள். இருவர் தட்டுகிறார்கள் அல்லது தேய்க்கிறார்கள், இருவர் மைக்கைப் பிடித்து நகர்த்துகிறார்கள், இருவர் அரங்கின் நடுவில் உட்கார்ந்து ஃபில்டரையும் வால்யூமையும் கையாள்கிறார்கள். மைக் தட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், அடி விழுகிற இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எந்த லயத்தில் நகர வேண்டும் என்பதெல்லாம் இசைக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மைக் பிடிப்பவரும் வித்வான்தான்.

ஆறு பேர் வாசிப்பதால் கறாராகச் சொன்னால் இது தனி வாசிப்பு ஆகாது. ஆனாலும் பின்னால் வந்த தனி வாசிப்புகள் பலவற்றுக்கு விதை இங்கே இருக்கிறது. நம்ப முடியாவிட்டால், கோயிலில் சேகண்டி அடித்து ஓய்ந்த பிறகு அதன் விளிம்புக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். பத்தடி தள்ளி நின்று கேட்டபோது 'ண்ங்' என்று ஒன்றாக இருந்தது, அருகே வந்தால் பலவாகப் பிரியும். அடியில் ஒரு மெதுவான அலை, மேலே கொசு ரீங்காரம்போல ஒரு இழை, விளிம்பில் காதை நகர்த்த நகர்த்த ஒன்று தேய்ந்து இன்னொன்று தூக்கலாகும்.

இதற்கு முன்னால் யாரும் செய்யவில்லையா?

செய்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939இல், அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த கார்னிஷ் பள்ளியில், வேகம் மாற்றக்கூடிய ரெக்கார்டு பிளேயர்களில் சோதனை ஒலித்தட்டுகளைச் சுழலவிட்டு, கூடவே ஒரு சிம்பலையும் ஒலி அடக்கிய பியானோவையும் வைத்து ஒரு படைப்பு செய்தார். தாளவாத்தியக்காரர்களுக்கும் மின்கருவிகளுக்கும் நட்பு அவ்வளவு பழசு. இதற்குக் காரணமும் உண்டு. சுர வாத்தியங்களுக்கு அவரவர் மரபு இருக்கிறது, இது இசை, இது இரைச்சல் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். தாளவாத்தியப் பகுதியில் உட்கார்ந்தவரிடம் மட்டும் விசில், சங்கிலி, கார் ஸ்பிரிங், எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். மைக்கையும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

கேஜ் 1975இல் எழுதிய 'சைல்டு ஆஃப் ட்ரீ' எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். எட்டு நிமிடம், ஒரே வாசிப்பாளர், வாத்தியங்கள் எல்லாமே செடிகொடிகள். கள்ளிச்செடியின் முள்ளை மெல்ல மீட்ட வேண்டும். அதை மைக் பெரிதாக்கிக் கொடுக்கும். பாயின்சியானா மரத்தின் காய்ந்த நெற்று ஒன்றைக் கிலுகிலுப்பையாக ஆட்ட வேண்டும். நம் தெருவோரத்துச் செம்மயில்கொன்றைக்கும் ராயல் பாயின்சியானா என்றுதான் பெயர். கோடை முடியும்போது அந்த நெற்றைப் பொறுக்கி ஆட்டி விளையாடாத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. அந்தச் சலசலப்பை மைக்கின் வழியாகக் கேட்டால், உள்ளே ஒவ்வொரு விதையும் தன் அறைக்குள் முட்டுவது தனித்தனியாகக் காதில் விழும்.

வாசிப்பவர் கையே படாமல் தாளவாத்தியம் ஒலிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1965இல் செய்தது. மாசசூசெட்ஸில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ரோஸ் கலைக்கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் மின்முனைகளை ஒட்டினார்கள். கண்ணை மூடி, மனதில் எந்தக் காட்சியும் ஓடாமல் அமைதியானதும் மூளையில் ஆல்ஃபா அலைகள் எழுகின்றன. அவை நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு அதிர்வுகள், மனிதக் காது கேட்கிற எல்லைக்குக் கீழே. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் காதில் ஒன்றும் விழாது, ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் துடிக்கும். அந்தக் கூம்புகளை ஒட்டி டிரம், சிம்பல், காங் போன்றவற்றை வைத்துவிட்டார். அவை அதிர ஆரம்பித்தன. கண்ணைத் திறந்தால் நின்றுவிடும்.

இதை வெறும் வித்தை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளவாத்தியம் என்றாலே கைவேகம் என்று நினைத்துப் பழகிய நமக்கு, அசையாமல் இருப்பதையே வாசிப்பாக ஆக்கிக் காட்டினார். அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனதைக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

அதே காலகட்டத்தில் மாக்ஸ் நியூஹவுஸ் என்ற தாளவாத்தியக்காரர் இன்னொரு பக்கம் போனார். ஸ்பீக்கர்களுக்கு எதிரே டிரம் போன்ற வாத்தியங்களை வைத்து, அவற்றின் மேல் காண்டாக்ட் மைக்குகளை, அதாவது தொட்டிருக்கிற பொருளின் அதிர்வை நேராகப் பிடிக்கிற மைக்குகளை, போட்டுவிட்டார். ஸ்பீக்கரின் ஒலி தோலை அதிர வைக்கும், தோலின் அதிர்வு மைக்கில் ஏறும், மைக் மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். கல்யாண மண்டபத்தில் மைக் 'கீ' என்று கத்துமே, அதே ஃபீட்பேக். அந்த வட்டத்துக்கு நடுவில் ஒரு வாத்தியம் இருப்பதால் கூச்சல் அந்த வாத்தியத்தின் குணத்தை எடுத்துக்கொள்கிறது. கொலம்பியா நிறுவனம் 1968இல் இதை இசைத்தட்டாகவே வெளியிட்டது. ஹெட்ஃபோனில் கேட்பதாக இருந்தால் தயவுசெய்து வால்யூமைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முன்பே பதிவு செய்த டேப்புடன் வாசிப்பதும் லைவ் எலக்ட்ரானிக்ஸும் ஒன்றா?

இல்லை. டேப் யாருக்காகவும் காத்திருக்காது. வாசிப்பவர்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். லைவ் என்றால் கருவி வாசிப்பவரைப் பின்தொடர்கிறது. ஆனால் நல்ல இசை இரண்டிலும் இருக்கிறது, டேப் என்றதும் இளக்காரம் வேண்டாம். மெக்சிகோவின் ஹவியர் ஆல்வரெஸ் 1984இல் எழுதிய 'தெமஸ்கால்' கேளுங்கள். ஒருவர் கையில் இரண்டு மராக்கஸ் மட்டும், அதாவது கிலுகிலுப்பைகள். மைக் உண்டு, டேப் உண்டு. லத்தீன் அமெரிக்க மராக்கஸ் மரபில் உள்ள அடவுகளைக் கோத்துக் கோத்து வாசிப்பவர் கட்டமைக்கிறார். டேப்பில் ஹார்ப், நாட்டுப்புறக் கிதார், மூங்கில் கழிகளின் சலசலப்பு எல்லாம் துண்டுதுண்டாக எதிரே வந்து மோதுகின்றன. கடைசியில் அந்தத் துண்டுகள் சேர்ந்து ஒரு முழு ஹார்ப் இசையாகத் திறந்துகொள்கிற இடம் இருக்கிறது. முதல்முறை கேட்கிறவர்களின் முகம் அந்த இடத்தில் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

என்னைக் கேட்டால் தயங்காமல் இசையமைப்பாளர் காயா சாரியாஹோவின் 'சிக்ஸ் ஜாப்பனீஸ் கார்டன்ஸ்' என்பேன், ஆறு ஜப்பானியத் தோட்டங்கள். சாரியாஹோ 1952இல் ஹெல்சின்கியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர், 2023இல் மறைந்தார். 1993 கோடையில் ஜப்பானில் தங்கியிருந்தபோது கியோட்டோவின் கோயில் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பதிவுகளையும், அப்போது லயத்தைப் பற்றி அவருக்குள் ஓடிய சிந்தனைகளையும் ஆறு சிறு பகுதிகளாக எழுதினார். ஜப்பானின் குனிதாச்சி இசைக் கல்லூரி கேட்டுக்கொண்டதன் பேரில், ஷினிதி உவேனோ என்ற தாளவாத்தியக் கலைஞருக்காக எழுதியது. ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தாகெமித்சுவின் நினைவுக்குக் காணிக்கை. மொத்தம் பதினாறு பதினேழு நிமிடம்தான்.

இதில் வாத்தியங்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்தார் சாரியாஹோ. மேடை நிறைய சாமான்களை அடுக்கினால் கேட்பவர் கவனம் வண்ணத்தின் மேல் போய்விடும், லயம் எப்படி வளர்கிறது என்பது பின்னால் போய்விடும் என்பது அவர் கணக்கு. குறைத்த வண்ணத்தை எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் ஈடுகட்டினார். இயற்கை ஒலிகள், சடங்கில் பாடும் குரல்கள், உவேனோவே வாசித்துப் பதிவு செய்த தாளவாத்திய ஒலிகள் அதில் வருகின்றன. முதல் பகுதி ஒரு குழந்தைகூடப் பின்தொடரக்கூடிய எளிய தட்டல். அங்கிருந்து மெல்ல மெல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல நடைகள் ஓடுகிற இடங்களுக்குப் போகிறது. நாம் நடை பேதத்தில் பழகியவர்கள் என்பதால் அந்த இடங்கள் நமக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

நான்காவது பகுதியின் பெயர் ரியோவான்ஜி கோயிலின் கல் தோட்டம். அங்கே தண்ணீர் இல்லை, பூ இல்லை. வாரிவிட்ட வெள்ளைச் சரளைக்கு நடுவே பதினைந்து கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துதான் இருக்கும். அடுத்தது சைஹோஜியின் பாசித் தோட்டம், முழுக்கப் பச்சை, முழுக்க ஈரம். இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து இரண்டு முறை கேளுங்கள். முதல்முறை அடிகளை மட்டும், இரண்டாம் முறை அடிகளுக்கு நடுவே இருப்பதை மட்டும்.

தொழில்நுட்பம் பற்றி ஒரு வார்த்தை. பதிவான ஒலிகளைச் சில இடங்களில் 'ஷான்ட்' என்ற மென்பொருளின் ஒத்ததிர்வு ஃபில்டர்கள் வழியாக அனுப்பியிருக்கிறார்கள். குழாயடியில் குடம் நிறையும்போது தண்ணீரின் இரைச்சல் மெல்ல ஒரு சுரமாக மாறி மேலே ஏறும் இல்லையா, குடத்துக்குள் இருக்கும் காற்று தனக்குப் பிடித்த அதிர்வை மட்டும் அந்த இரைச்சலிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. இந்த ஃபில்டர் செய்வதும் அதுவேதான்.

அந்த எலக்ட்ரானிக்ஸை யார் இயக்குகிறார்கள்?

இந்தப் படைப்பில் வாசிப்பவரே. முன்பே கலந்து வைத்த ஒலிப்பகுதிகளை அவர்தான் வாசிப்பின் நடுவே கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளப்புகிறார். இரண்டு கையிலும் குச்சி இருப்பதால் வழக்கமாகக் கால் பெடல். கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒரு பெடலைத் தவறி இரண்டு முறை மிதித்தால் கம்ப்யூட்டர் ஒரு பகுதி முன்னால் போய்விடும். ஒரு நிகழ்ச்சியில் நான் மிக்ஸரில் இருந்தபோது இது நடந்தது. பெடலின் இணைப்பு தளர்ந்து ஒரு மிதி இரண்டாகப் பதிவாகிவிட்டது. வாசித்தவர் பதறவில்லை. கையிலிருந்த உருட்டலை அப்படியே நீட்டி, மெல்லத் தணித்து, அந்தச் சில நொடிகளில் நான் திரையில் ஒரு எண் பின்னால் கொண்டுவந்து தலையை அசைத்ததும் மிதித்தார். அன்றிலிருந்து பெடல் ஒயரை டேப் போட்டு ஒட்டாமல் நான் எந்த நிகழ்ச்சியையும் தொடங்கியதில்லை.

கம்ப்யூட்டரே கேட்டுப் புரிந்துகொண்டு பின்தொடர முடியாதா?

முடியும். பாரிஸில் உள்ள இர்காம் ஆய்வு நிலையத்தில் 1980களின் நடுவிலிருந்து இதற்காகப் பாடுபட்டார்கள். மில்லர் பக்கெட் அங்கே எழுதிய மென்பொருளுக்கு, கம்ப்யூட்டர் இசையின் முன்னோடி மாக்ஸ் மாத்யூஸைக் கௌரவித்து 'மாக்ஸ்' என்று பெயர். புல்லாங்குழலுக்காக பிலிப் மனூரி 1987இல் எழுதிய 'ஜூபிடர்' போன்ற படைப்புகளில், கம்ப்யூட்டர் சுரங்களைக் கேட்டு இசைக்குறிப்பில் எந்த இடம் என்று கண்டுபிடித்தது.

தாளவாத்தியத்தில் சிக்கல் என்னவென்றால், புல்லாங்குழலில் 'ச'வா 'ரி'யா என்று கேட்டுச் சொல்லலாம், தாம்தாமில் எதைச் சொல்வது? அதில் ஒரே நேரத்தில் எண்ணற்ற அதிர்வுகள், ஒன்றுக்கொன்று ஒழுங்கான உறவு கிடையாது. அதனால் சுருதியை விட்டுவிட்டு, அடி எப்போது விழுந்தது, அதில் கனமான பகுதி எவ்வளவு, கூரிய பகுதி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பக்கெட் இதற்கென்றே 'பாங்க்' என்று ஒன்றை எழுதினார். அது வருகிற ஒலியைப் பதினோரு அலைவரிசைகளாகப் பிரித்து, எதில் திடீரென்று எழுச்சி வருகிறது என்று கவனிக்கும். குச்சியால் அடித்ததா, கையால் தட்டியதா, விளிம்பா, நடுவா என்று ஓரளவு பிரித்துவிடும். தேய்ப்பதும் உருட்டுவதும் வந்தால் திணறும். எங்கே தொடங்கியது என்று நமக்கே தெரியாத ஒலியில் அது மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆகவே பெடலுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தாமதம் தெரியாதா?

தெரியும், அதனால்தான் இதில் எல்லோரும் மில்லிநொடிக் கணக்காகப் பேசுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வாங்கும். நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில், ஒரு பொட்டலத்துக்கு 1024 மாதிரி வைத்தால் 23 மில்லிநொடி. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று இரட்டிக்கும்போது அடியும் எதிரொலியும் பிரிந்து கேட்டு எரிச்சல் வரும். 64 என்று வைத்தால் ஒரு பொட்டலம் ஒன்றரை மில்லிநொடிக்குள் முடியும். ஒப்பிட்டுப் பார்க்க: காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. ஸ்பீக்கர் நாலு மீட்டர் தள்ளி இருந்தாலே 12 போய்விட்டது. எனவே வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பது பல நேரம் புது லேப்டாப் வாங்குவதைவிட நல்ல தீர்வு.

தாளமே இல்லையே, இது எப்படி இசை?

நிறையப் படைப்புகளில் தாளம் உண்டு, மேலே சொன்ன ஆல்வரெஸைக் கேளுங்கள். இல்லாதவற்றில், ஆவர்த்தனம் எங்கே என்று தேடாமல் ஆலாபனை கேட்கிற காதோடு உட்காருங்கள். ஆலாபனையிலும் தாளம் இல்லை, நாம் தொலைந்து போவதில்லை. லூசியரின் 'சில்வர் ஸ்ட்ரீட்கார்' என்ற படைப்பில் ஒரு ட்ரையாங்கிள், அதாவது வளைத்த இரும்புக் கம்பி, அதை ஒருவர் விடாமல் ஒரே சீராகத் தட்டுகிறார். மற்றக் கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கம்பியைப் பிடித்து மெல்ல நகர்கின்றன, அழுத்தம் கூடிக் குறைகிறது. மைக் பெரிதாக்கித் தருகிறது, வேறெதுவும் இல்லை. சில நிமிடங்களில் தட்டல் காதிலிருந்து நழுவி, மேலே விதவிதமான சுரங்கள் மிதக்கத் தொடங்கும். பொறுமை இல்லாத நாளில் இதைக் கேட்காதீர்கள். அடுத்த நாள் கேளுங்கள்.

நம் மிருதங்கம், தபலாவுக்கு இதில் இடம் உண்டா?

இந்த இடத்தில் எனக்கு ஆர்வம் அதிகம். சாதாரண டிரம் தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் போகும். அதனால்தான் அதில் சுரம் நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) கருப்பாக இருக்கிற 'சாதம்' என்ற பூச்சு அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. சர் சி.வி. ராமன் இதை 1920லும் பிறகு 1934லும் ஆராய்ந்து எழுதினார். தோலின் முதல் ஒன்பது அதிர்வுமுறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒழுங்கான ஐந்து மேற்சுரங்களாக அமைகின்றன என்று காட்டினார். அதாவது கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளக்கூடிய சுருதி இதில் இயல்பாகவே இருக்கிறது. பேஸ் டிரம்மில் தடுமாறுகிற கருவி மீட்டு, சாப்பு என்கிற மிருதங்க அடிகளில் தெளிவாகக் கேட்கும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013இல் இதே அதிர்வுமுறைகளைப் பயன்படுத்தித்தான் மிருதங்க அடிகளை இனம்காண வழி செய்தார்கள். அதற்கும் முன்னால், 2002இல், அஜய் கபூரும் அவருடைய குழுவினரும் தபலா விரலடிகளை உணர்கிற மின்கருவி ஒன்றை உருவாக்கினார்கள்.

கும்கியை நினைத்துப் பாருங்கள். தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில்) மணிக்கட்டை அழுத்திச் சுருதியை வழுக்கி ஏற்றுகிறோம். ஸ்டாக்ஹவுசனின் உதவியாளர் ஃபில்டரைத் திருகிச் செய்ததை மணிக்கட்டால் செய்கிற மரபு நம்முடையது. இதோடு லைவ் எலக்ட்ரானிக்ஸைச் சேர்க்க நினைப்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன்: பின்னணியில் விடாமல் ஒலிக்கிற ஒரு சுருதியையும் எக்கோவையும் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கும்கி முடிந்த பிறகு ஒலிக்கு என்ன ஆக வேண்டும் என்று அடி அடியாக முடிவு செய்யுங்கள்.

மென்பொருள் பழசாகிவிட்டால் படைப்பு என்ன ஆகும்?

செத்துப்போகும், யாராவது பார்த்துக்கொள்ளாவிட்டால். இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துகிற விஷயம் இது. 'மைக்ரோஃபோனி 1' நம்பியிருந்த மைஹாக் டபிள்யூ 49 ஃபில்டர் வானொலி நாடகங்களுக்காகச் செய்யப்பட்டது. இன்று கடையில் கிடைக்காது, அதன் நடத்தையை கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வாசிக்கிறார்கள். இர்காமில் 1990ஐ ஒட்டி, 'நெக்ஸ்ட்' என்ற கம்ப்யூட்டரில் பொருத்துகிற தனிச் சிப்புகளுக்காகவே எழுதப்பட்ட படைப்புகள், அந்த எந்திரங்கள் போனதும் அநாதையாயின. பக்கெட் 1996இல் இலவசமாக வெளியிட்ட 'பியூர் டேட்டா' என்ற மென்பொருளுக்குப் பழைய படைப்புகள் சிலவற்றை மாற்றி வைக்கிற வேலையைத் தொடங்கினார், அது பெரிய சேவை. நீங்கள் ஏதாவது எழுதுவதாக இருந்தால் கோப்பு மட்டும் போதாது. இந்த இடத்தில் ஒலி மூன்று நொடி நீண்டு மெல்ல மறைய வேண்டும், சுருதி அரைச் சுரம் இறங்க வேண்டும் என்று தாளில் சாதாரண மொழியில் எழுதி வையுங்கள். நாற்பது வருடம் கழித்து வேறொருவர் வேறொரு கருவியில் கட்டிக்கொள்வார்.

வீட்டில் முயன்று பார்க்க என்ன வேண்டும்?

ஒரு பீசோ தகடு. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், சென்னையில் என்றால் ரிச்சி தெரு. பித்தளை வட்டம், நடுவில் வெள்ளைப் பூச்சு, ஒரு காசு அளவுதான் இருக்கும், விலையும் சில்லறைதான். பூச்சில் ஒரு ஒயர், பித்தளையில் ஒரு ஒயர் சால்டர் செய்து கிதார் ஜாக்கில் இணைத்தால் காண்டாக்ட் மைக் தயார். சூட்டைப் பூச்சில் ரொம்ப நேரம் வைக்காதீர்கள், உரிந்து வந்துவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கிதாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) கிதாருக்கான இன்புட்டில் சொருகுங்கள், மற்ற இன்புட்டில் போட்டால் கனம் எல்லாம் போய்த் தகரம்போலக் கேட்கும். மென்பொருளுக்கு பியூர் டேட்டா போதும்.

இப்போது ஒரு வெண்கல உருளியை எடுத்து, மடித்த துணியின் மேல் வைத்து, விளிம்புக்குக் கீழே தகட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, வால்யூமைக் குறைவாக வைத்து, ஒரே ஒரு அரிசியை உள்ளே போடுங்கள். அது விழுந்து, துள்ளி, உருண்டு, நிற்கிறவரை கேளுங்கள். அப்புறம் அரிசியை எடுத்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, விளிம்பை விரல் கணுவால் தட்டிவிட்டு உருளியை மெல்லச் சாயுங்கள். சுருதி வளையும், கும்கிபோலவே. பியூர் டேட்டாவில் ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தருகிற மூன்று நொடி டிலே ஒன்று வைத்து, வருகிற ஒலியில் பாதியை மறுபடி அதற்கே திருப்பிவிடுங்கள். இனி உருளியை மறுபடி தட்ட அவசரப்பட வேண்டாம், முதல் அடி நான்காவது முறை திரும்பி வரும்போது எப்படி இருக்கிறது என்று காத்திருந்து கேட்டுவிட்டு, அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறதோ அதைத் தட்டுங்கள்.